மருதாணி விரலோடு சிம் வாங்கப் போனேன்

வளைகுடா நாடு ஒன்றில், இரண்டு வருட ஒப்பந்தத்தில் நான் கொத்தனார் வேலைக்குப் போயிருந்தபோது நடந்தது இது. கொரோனா ஓய்ந்து, விமானங்கள் மறுபடியும் ஒழுங்காகப் பறக்க ஆரம்பித்திருந்த சமயம். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுதிப் பழக்கமும் கிடையாது. "அந்த மருதாணி விஷயத்த எழுதுப்பா, எங்க ஸ்கூல்ல சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க" என்று என் மகள் நச்சரித்ததால்தான் உட்கார்ந்தேன். ஆகவே பிள்ளைகளே, இது உங்களுக்காக எழுதுவது. பெரியவர்கள் படித்தாலும் நல்லதுதான்.

எங்கள் ஊர் படவேட்டுக்கு மேலே, ஜவ்வாது மலைச் சரிவில் இருக்கிறது. மூன்று பக்கமும் மலை மடிந்து நிற்பதால் வீட்டுக்குள் செல்போன் எடுக்காது. பேச வேண்டுமென்றால் மண் பாதையில் ஏறி, பஸ் திரும்புகிற வளைவுக்குப் போக வேண்டும். அங்கே நின்றால் கீழே நெல் வயலும் கரும்புக் கொல்லையும் தெரியும். போனிலும் சிக்னல் கோடு தெரியும். மழை நாளில் வயலும் தெரியாது, கோடும் தெரியாது.

நான் கிளம்பும்போது மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். மகன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான், பேச்சு வரவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. ஆகையால் வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மனைவி பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வளைவுக்கு வந்துவிடுவாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். முகம் பார்த்துப் பேசுகிற வசதி எல்லாம் எங்களுக்கு இல்லை. என் பையன் "அப்பா" என்று முதன்முதலில் கூப்பிட்டது அந்த பட்டன் போனைப் பார்த்துத்தான். நான் என்றால் அவனுக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்தை ஒருவர் அணைத்துவிட்டார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் தங்கியிருந்த முகாமுக்கு ஒரு போர்மேன். அவரும் நம் வேலூர்ப் பக்கத்துக்காரர்தான். போய் இறங்கிய அன்றே என் கையில் ஒரு பழைய போனையும் சிம்மையும் கொடுத்தார். "இந்தா தம்பி, ஊருக்குப் பேசு. வூட்ல தேடுவாங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரியாத ஊரில் நம் பேச்சு பேசுகிறவர், கேட்காமலே போன் கொடுக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? மனைவியிடம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவளும் அவருக்காக ரேணுகாம்பாள் கோயிலில் விளக்கு போட்டாள்.

அந்த முகாமில் இருந்த எல்லோருக்கும் இப்படித்தான் கொடுத்திருந்தார். எல்லா சிம்மும் அவர் பெயரிலோ அவருடைய ஆட்கள் பெயரிலோ வாங்கியது. புதிதாக வருகிறவனுக்கு அந்த நாட்டு அடையாள அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அட்டை இல்லாமல் கடையில் சிம் தரமாட்டார்கள். அதனால் அவர் கொடுப்பதுதான் எங்களுக்கு வழி. அட்டை வந்த பிறகும் யாரும் கடைக்குப் போகவில்லை. இருப்பது இருக்கிறதே, எதற்கு வம்பு என்று இருந்துவிட்டோம். அதில் என்ன கண்ணி இருக்கிறதென்று என் அறையில் இருந்த சித்தூர்க்காரர்தான் முதலில் சொன்னார். அவர் என்னைவிட மூத்தவர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்.

"வாய தொறந்து ஏதாவது கேட்டுப் பாரு. சிம்மு அவரு பேர்லதான, நிறுத்தச் சொல்லிடுவாரு. அன்னிக்கு சாயங்காலமே உன் போன் செத்துப்போவும்" என்றார். நான் நம்பவில்லை.

எனக்குப் பூச்சு வேலை. சுவருக்குக் கலவை பூசி மட்டப்பலகை போட்டு இழுத்த பிறகு, மூலைகளையும் ஜன்னல் ஓரங்களையும் நாங்கள் விரல் நுனியால்தான் தடவி முடிப்போம். எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கு அது பழக்கம். கரணை போகாத இடத்துக்கு விரல் போகும். ஊரில் ஒரு வீடு முடித்தால் சில நாள் ஓய்வு இருக்கும், கை ஆறிவிடும். அங்கே ஓய்வு ஏது? ஈரச் சிமெண்டு சுடும், பிள்ளைகளே. நெருப்பு மாதிரி உடனே சுடாது. மெதுவாகத் தின்னும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாப்பாட்டில் கை வைத்தால் உப்பும் காரமும் ஏறி உயிர் போகும். நான் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தேன்.

ஒரு நாள் போர்மேனிடம் போய், "அண்ணே, கையுறை இருந்தா குடுங்கண்ணே. வேல இன்னும் நல்லா ஓடும்" என்றேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"இன்னாடா, மாமியா வூட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கியா? கொத்தனாருக்கு இன்னாத்துக்குடா கையுறை? நாங்கல்லாம் வேல செய்யலயா?"

"உங்க காலம் வேறண்ணே. கைய பாருங்க."

அவர் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் என் போன் செத்துப்போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் செத்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் அவள் வளைவில் நிற்பாள், பையன் பெட்டியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். சித்தூர்க்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்து தன் போனை நீட்டினார். அது போர்மேனுக்குத் தெரிந்தால் அவருடைய போனும் போய்விடும். "சீக்கிரம் பேசு. நான் வாசல்ல நிக்கிறேன்" என்றார்.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். போர்மேன் ஆள் அனுப்பியிருந்ததையும் சொன்னேன். வந்து மன்னிப்புக் கேட்டால் சிம்மை மறுபடி போட்டுவிடுவாராம்.

என் மனைவி எனக்கு மாமன் மகள். சின்ன வயதிலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அதட்டும்போதும் மாமாதான்.

"இன்னாத்துக்கு மாமா மன்னிப்பு? புண்ணான கைக்கு ஒறை கேட்ட. திருடுனியா, குடிச்சிட்டு விழுந்தியா? கேக்காத. நாங்க இங்க பட்டினியா கெடக்கல. உன் பேச்சு கேக்காம கொஞ்ச நாள் இருந்துப்போம். ஆனா அவன் காலத் தொட்டுட்டு வந்து என்கிட்ட பேசாத."

அதோடு பேச்சு முடிந்தது. அவள் குரலில் அழுகை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மலைக் காற்று இரைந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ஒரு பேச்சு எனக்குப் போதுமாக இருந்தது. என் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தேன். என் பெயரில் சிம் வாங்கினால் யார் அணைக்க முடியும் என்று பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கடையில் கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். இலங்கைத் தமிழ்ப் பெண். என் பேச்சைக் கேட்டதுமே சிரித்த முகமாக, "வாங்கோ அண்ணா" என்றாள். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு சின்னக் கண்ணாடி மிஷினை என் பக்கம் தள்ளினாள். அந்த நாட்டில் சிம் வாங்க ரேகை வைக்க வேண்டும். அட்டையில் இருப்பவனும் எதிரில் நிற்பவனும் ஒருவன்தானா என்று மிஷின் பார்க்கும்.

வலது கட்டை விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அழுத்தாதேங்கோ அண்ணா. மெல்ல வையுங்கோ."

மறுபடியும் சிவப்பு. அடுத்த விரல். அதற்கடுத்த விரல். இடது கை. எல்லாமே சிவப்புத்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவள் என் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அண்ணா, உங்களுக்கு ரேகையே இல்லை. சிமெண்ட் வேலையோ?"

நானும் பார்த்தேன். விரல் நுனிகள் பாலிஷ் போட்ட தரை மாதிரி வழவழவென்று இருந்தன. ரேகை கொடுத்துத்தான் அட்டை வாங்கியிருந்தேன். அதற்குப் பிறகு பூசிய சுவர்கள் எல்லாமாகச் சேர்ந்து அதைத் தின்றுவிட்டிருந்தன. நான் முழுசாக அங்கே நிற்கிறேன், பேசுகிறேன், வியர்க்கிறேன். ஆனால் நான் நான் இல்லை என்கிறது மிஷின். அவமானமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

செய்தி எப்படியோ போர்மேனுக்குப் போய்விட்டது. மறுநாள் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகச் சொன்னார்: "சிம்மு வாங்கப் போனியாமே? உன் வெரலே உன்ன யாருன்னு சொல்ல மாட்டேங்குது. நீ இன்னாடா பெரிசா பேசுற?"

சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சிரிக்காவிட்டால் அவர்கள் போனும் அணைந்துவிடும்.

இப்போது மருதாணிக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் நடவு வந்தால் ஆண், பெண் எல்லோரும் காலில் மருதாணி வைப்போம், தெரியுமா? அது அழகுக்கு இல்லை. நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் விரல் இடுக்கில் புண் வரும். மருதாணி வைத்தால் அது காய்ந்து ஆறிவிடும். மீசை வைத்த ஆண்கள் காலெல்லாம் சிவப்பாக வயலில் நிற்பார்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அதனால் எனக்குத் தோன்றியது இதுதான்: சேறு தின்ற காலுக்கு ஆகிற மருந்து, சிமெண்டு தின்ற கைக்கு ஆகாதா?

அந்த ஊரில் மருதாணிப் பொடி எந்தக் கடையிலும் கிடைக்கும். வாங்கி வந்து டீத் தண்ணீரில் குழைத்தேன். ஒரு விரல் விடாமல் நுனிப் பக்கம் அப்பி, பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு படுத்தேன். எழுந்து கழுவினால், அப்பப்பா, எப்படிப் பிடித்திருந்தது தெரியுமா! பத்து விரலும் செக்கச்செவேல் என்று இருந்தது.

சித்தூர்க்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏமய்யா பெள்ளிகூத்துரு! மாப்பிள எந்த ஊரு?" என்றார். பெள்ளிகூத்துரு என்றால் தெலுங்கில் கல்யாணப் பெண். அன்றிலிருந்து முகாமில் எனக்கு அதுதான் பெயர். சாப்பாட்டு வரிசையில் நின்றால், "வழி விடுங்கப்பா, பொண்ணு வருது" என்பார்கள். பஸ்ஸில் ஏறினால் யாராவது நாதஸ்வரம் மாதிரி வாயாலேயே ஊதுவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். விரல் வெடிப்பில் எரிச்சல் குறைந்திருந்தது, அந்தத் தெம்பில் சிரித்தேன். இனி ரேகை வந்துவிடும் என்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை நம்பிக்கையோடு அதே கடைக்குப் போனேன். கண்ணாடி மேல் விரலை வைத்தேன். சிவப்பு விளக்குகூட எரியவில்லை. மிஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பெண் என் விரலைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா. உங்களுக்குக் கலியாணமோ?"

நான் சேறு, நடவு, கால் புண் எல்லாம் விளக்கிச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒழுங்காகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மருதோண்டிச் சாயம் இருந்தால் இந்த மிசினுக்குச் சரியாத் தெரியாது அண்ணா. அது போற வரைக்கும் பொறுங்கோ. புண்ணுக்கு எண்ணெய் போடுங்கோ. ஆனா இனி வெறுங்கையாலை சிமெண்டைத் தொடாதேங்கோ. இஞ்ச கனபேர் இப்பிடி வாறவை. தொடாமல் விட்டால் ரேகை திரும்ப வரும். அது எங்கையும் போகேல்லை, உள்ளுக்குள்ளைதான் இருக்குது."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சாமி வாக்கு மாதிரி இருந்தது. திரும்பி நடந்து வரும்போது ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. எனக்குப் போன் வேண்டுமென்றால் ரேகை வேண்டும். ரேகை வேண்டுமென்றால் கையுறை வேண்டும். எந்தக் கையுறையைக் கேட்டதற்காக என் போனை அணைத்தாரோ, அதே கையுறையைத்தான் மறுபடியும் அவரிடமே கேட்டாக வேண்டும். முதல் தடவை கெஞ்சிக் கேட்டேன். இந்தத் தடவை அப்படி இல்லை.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் வேலையை ஆரம்பித்தார்கள். எனக்கு முன்னால் பாண்டுச் சட்டி நிறையக் கலவை வைத்தார்கள். நான் கரணையைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

போர்மேன் வந்தார். "இன்னாடா குந்திக்கினு இருக்க? கலவ காய்து பாரு."

"கையுறை குடுங்கண்ணே. போட்டுக்கினு உடனே ஆரம்பிக்கிறேன்."

"மருதாணி வச்ச கைக்கு வளையலும் வாங்கியாரட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வளையல அப்பறம் பாத்துக்கலாம்ணே. மொதல்ல ஒறை."

அவர் முகம் மாறிவிட்டது. "டிக்கெட் போட்டு அனுப்பிடுவேன், தெரியுமா? நாளைக்கு நீ ஏர்போர்ட்ல நிப்ப."

பிள்ளைகளே, நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். உட்கார்ந்திருந்ததால் வெளியே தெரியவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வேன்? ஆனால் எழுந்து அந்தக் கலவையில் விரலை வைத்தால், என் பிள்ளைகளோடு பேச ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "அனுப்புங்கண்ணே" என்றேன்.

அப்போது என் பின்னால் கரணை ஒன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது. சித்தூர்க்காரர். "எனக்கும் ஒரு ஜோடி, சார். எனக்கு மருதாணி வேணாம்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் இன்னொருவர். பஸ்ஸில் வாயால் நாதஸ்வரம் ஊதுவாரே, அவர்தான். பிறகு இன்னும் சிலர். எல்லோரும் இல்லை. பலர் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

சத்தம் கேட்டு இன்ஜினியர் வந்தார். அவர் கொரியாக்காரர். எங்களோடு அதிகம் பேசியதில்லை. என் கையைப் பார்த்ததும் பதறிப்போய் ஏதோ கத்தினார். தூரத்திலிருந்து பார்த்தவருக்கு, பத்து விரலும் தோல் உரிந்து ரத்தமாக இருக்கிற மாதிரி தெரிந்திருக்கிறது. மருதாணியை அவர் எங்கே கண்டார்?

போர்மேன் சட்டென்று முன்னால் வந்து சிரித்தார். "நோ பிளட் சார், ஹென்னா, ஹென்னா!" என்று பெண்கள் கையில் கோலம் போடுவது மாதிரி நடித்துக் காட்டினார். இன்ஜினியருக்கும் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் இருந்த பதற்றம் போய் ஒரு அலுப்பு வந்தது. வேலை நேரத்தில் விளையாட்டா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

போர்மேன் சொன்னது பொய் இல்லை. அது மருதாணிதான். நான் தலையை ஆட்டினேன். "எஸ் சார், ஹென்னா" என்றேன். சொல்லிவிட்டுக் கையைத் திருப்பினேன். விரல்களை நன்றாக விரித்து, மருதாணி படாத இடுக்குகளை அவருக்குக் காட்டினேன். உள்ளங்கையைக் காட்டினேன். அங்கே சாயம் இல்லை. வெடிப்புத்தான் இருந்தது, வெள்ளை வெள்ளையாக, நடுவில் சதை தெரிகிற வெடிப்பு. சித்தூர்க்காரரும் கையைத் திருப்பினார். உட்கார்ந்திருந்த எல்லோரும் திருப்பினார்கள். எங்களுக்கு அவர் பாஷை தெரியாது. அங்கே பாஷையும் தேவைப்படவில்லை.

இன்ஜினியர் போர்மேனைப் பார்த்துச் சின்னதாக ஏதோ கேட்டார். பிறகு ஸ்டோர் ரூம் பக்கம் கையைக் காட்டினார்.

ஸ்டோரிலிருந்து பெட்டி வந்தது. அட்டைப் பெட்டி, ஒட்டின டேப் பிரிக்காமல் இருந்தது. மேலே தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. உள்ளே பெட்டி நிறையக் கையுறைகள். நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அவை அங்கே இருந்திருக்கின்றன. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம், போன் அணைந்தபோதுகூட வரவில்லை. இல்லாததையா கேட்டோம்? எடுத்துக் கொடுத்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. கேட்டால் கிடைக்கும் என்று நாங்கள் பழகிவிடக் கூடாது, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். சித்தூர்க்காரர் போனும் அன்றே அணைந்தது. என்னை நிழல் இல்லாத மொட்டை மாடி வேலைக்கு மாற்றினார்கள். ஊருக்கு ஒரு செய்தியும் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. கையுறை போட்டுக்கொண்டு பூசுவதும் சுலபமில்லை. மூலை முடிக்கும்போது விரலுக்கு ஒன்றும் தெரியாது. என் வேலை மெதுவானது, அதற்கும் திட்டு வாங்கினேன். ஆனாலும் கழற்றவில்லை. சாயங்காலம் அறைக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வேன். மருதாணிச் சிவப்பு மங்கி மங்கி ஆரஞ்சாகி, பிறகு நகத்தில் மட்டும் பிறை மாதிரி நின்றது. விரல் நுனியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். ஒரு நாள், உழுது போட்ட நிலத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் கோடு கோடாகத் தெரியுமே, அப்படி லேசாகத் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சித்தூர்க்காரரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டு, முதலில் கையைத்தான் பார்த்தாள். "ஆ, மருதோண்டிச் சாயம் போயிட்டுது. வையுங்கோ பாப்பம்."

வலது கட்டை விரல், சிவப்பு. ஆள்காட்டி விரல், சிவப்பு. அவசரமாக அடுத்த விரலை நீட்டினேன். "அவசரப்படாதேங்கோ" என்று அவளே என் இடது கை மோதிர விரலைப் பிடித்து, துணியால் துடைத்து, பூப்போலக் கண்ணாடி மேல் வைத்தாள். கலவையை அதிகம் தொடாத விரல் அது.

பச்சை விளக்கு எரிந்தது.

சித்தூர்க்காரர் கடை அதிர விசில் அடித்தார். காவலாளி உள்ளே ஓடி வந்துவிட்டார். அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதில் என் பெயர் இருந்தது.

சிம்மோடு ஒரு மலிவுப் போனும் வாங்கி, கடைக்கு வெளியே நின்றே ஊருக்குப் போட்டேன். மணி அடித்தது. எடுத்தாள். "அலோ" என்றாள். நான் "நாந்தான்" என்றேன். கட் பண்ணிவிட்டாள்! மறுபடி போட்டேன்.

"யாருய்யா நீ? பேங்க்கு கார்டு மேல நம்பர் கேக்குறவனா? என்கிட்ட கார்டே இல்ல, போய்யா."

"ஏய், நாந்தாண்டி. உன் வூட்டுக்காரன்."

போனுக்குள் காற்று இரைந்தது. அந்தக் காற்றை வைத்தே அவள் வளைவில் நிற்கிறாள் என்று கண்டுகொண்டேன். என் போன் வராது என்று தெரிந்தும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் அங்கே வந்து நின்றிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"இது யார் நம்பரு மாமா?"

"என்னுது. என் பேர்ல வாங்குனது. இனிமே எவனும் அணைக்க முடியாது."

"உன் பேர்லயா? முழுப் பேரும் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க. கண்ணால பாத்தேன்."

"அந்தாளுகிட்ட மன்னிப்பு கேட்டியா?"

"இல்ல."

"அப்ப சரி. இரு, பையன் இழுக்கிறான்" என்று போனை அவனிடம் கொடுத்தாள். அவன் இத்தனை நாளில் பேசப் பழகியிருந்தான். "அப்பா, எங்க போன?" என்று கேட்டான். "இங்கதாண்டா இருக்கேன்" என்றேன். சித்தூர்க்காரர் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கையுறை போட்டு, எண்ணெய் தடவி, ரேகை வளர்த்து, அந்தக் கடைக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் எங்கள் முகாம் ஆட்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். போர்மேன் கொடுத்த போன்கள் அவருடைய மேசை இழுப்பறைக்குத் திரும்பிப் போயின.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அவரே என்னிடம் பேச்சுக் கொடுத்தார். "நான் வந்தப்பவும் எனக்கு இப்படித்தாண்டா பண்ணாங்க" என்றார். மிரட்டலாக இல்லை, ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"அப்ப எப்படி வலிக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமேண்ணே" என்றேன். அவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒப்பந்தம் முடிந்து நான் ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது கண்ணமங்கலம், படவேடு பக்கங்களில் வீட்டு வேலை செய்கிறேன். பிள்ளைகளே, நாளைக்கு நீங்களும் எங்கெங்கோ வேலைக்குப் போவீர்கள். முதல் நாளே ஒருவர் சிரித்த முகத்தோடு ஏதாவது கொடுப்பார், வாங்கிக்கொள்ளுங்கள், நன்றியும் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் நியாயமாக ஒன்றைக் கேட்ட அன்றே அவர் அதைத் திருப்பிப் பிடுங்கினால், அவர் வாசலில் போய் நிற்காமல், அது உங்கள் பெயரில் கிடைக்கிற இடம் எங்கே என்று விசாரித்து நடக்க ஆரம்பியுங்கள். எத்தனை சிவப்பு விளக்கு எரிந்தாலும் நான் இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறேன்.